டெல்ஃபினா ஆக்திஸின் மூன்று மணி நேர விருந்து

சல்தேரோ கார் கம்பெனியின் ராலி பந்தய அணியைப் பற்றிப் போன வருடம் ஒரு தடித்த புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்கு ஒரு படம். பனியில் பறக்கும் கார், புழுதியில் வழுக்கும் கார், கோப்பையைத் தூக்கிப் பிடித்த ஓட்டுநர். கடைசிப் பக்கத்தில், 1983-இல் நிர்வாகத்தின் கொள்கை மாற்றத்தால் அணி கலைக்கப்பட்டது என்று ஒரே வரி. கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. இருபத்தோரு வருடம் ஓடிய அந்த அணியைக் கலைத்தவள் கம்பெனி விருந்தினர் விடுதியின் சமையல்காரி டெல்ஃபினா ஆக்திஸ். அவள் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் கிடையாது. அவள் புருஷன் செவெரினோவின் பெயர் ஒரே இடத்தில் இருக்கிறது, அதுவும் பொய்யான இடத்தில்.

அந்தப் பொய்யை இரண்டு முறை படித்தேன். எழுதியவன் மேல் பாதி எரிச்சல், என் மேல் பாதி. நான் எஜிடியோ. அணியின் உதிரிபாகக் கிடங்கைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டவன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

1962-இல் பெயிண்ட் அடிக்கும் கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மூன்று பேர் ஆரம்பித்தது அந்த அணி. மெக்கானிக் செவெரினோ, பெயிண்டர் செலெஸ்தினோ, அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த எஞ்சினியர் பிராக்கோ. சல்தேரோ என்றால் பாதிரியாரும் டாக்டரும் வாங்குகிற சாதுவான கார் என்று பெயர். அதை எடுத்து, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மலைப்பாதைகளில் விட்டார்கள். முதல் ராலியில் முப்பத்தொன்றாவதாக வந்து, ரொட்டியும் பன்றிக்கறியும் தின்று கொண்டாடினார்கள். நாலு வருடத்தில் முதல் வெற்றி. எழுபதுகளில் அறுபது பேர், நாலு லாரி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் கோட்டு. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரன் எவனும் சாதாரணமாக நடக்கவில்லை, மிதந்தான்.

ராலியில் ஓட்டுநர் பெயர்தான் வெளியே தெரியும். ஒரு மலைப்பாதைக்கும் அடுத்ததற்கும் நடுவே, சாலையோரம் கார் நிற்கும் பத்து இருபது நிமிடத்தில்தான் உண்மையான வேலை நடக்கும். செவெரினோ மழையில், சேற்றில் மல்லாந்து படுத்துப் பதினேழு நிமிடத்தில் கியர் பெட்டியை மாற்றுவான். முடித்ததும் ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பான். நேரமாகிறது என்று ஓட்டுநர் கத்தினாலும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான்.

டெல்ஃபினா வெர்செல்லி பக்கத்து நெல் வயல்களிலிருந்து வந்தவள். பதினாலு வயதிலிருந்து முழங்கால் தண்ணீரில் குனிந்து களை பறித்தவள். கோபம் வந்தால் கத்துகிற பெண்களிடம் எனக்குப் பயமில்லை, கத்தித் தீர்த்துவிட்டுச் சூப்பு ஊற்றுவார்கள். டெல்ஃபினா கத்தவே மாட்டாள். பதினேழு வயதில், பண்ணையின் மேஸ்திரி ஒருவன் அவள் தங்கையைக் கன்னத்தில் அறைந்தானாம். இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம், நாற்றுக்கட்டு வயலில் இறக்கி வைத்த காலையில், நாற்பது பெண்களையும் பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாற்று வெயிலில் வெந்தது, மேஸ்திரிக்கு வேலை போனது. செவெரினோ இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "இவகிட்ட சண்டை போட்டா ஒரு வருஷம் கழிச்சுத்தான்யா அடி விழும்," என்பான்.

1978-இல் பிராக்கோவுக்கு எடை குறைக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. அப்போது அவர் பெரிய ஆள், தரைவிரிப்புப் போட்ட அறை, தனிச் செயலாளர். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் ஏழு துளை போடச் சொன்னார். துளை போட்ட கைகள் என் கிடங்குக்கு வந்த அன்று செவெரினோ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிராக்கோவும் அங்கேதான் நின்றார்.

"எஞ்சினியர், இதென்ன பாலாடைக் கட்டியா, இத்தனை ஓட்டை போட்டிருக்கீங்க? மூணாவது துளைகிட்ட விரிசல் விடும், பாருங்க."

"அறுநூறு கிராம் மிச்சம், செவெரினோ."

"உள்ள உக்காந்திருக்கிற ரெண்டு பேரோட எடையைக் கணக்குல சேத்தீங்களா?"

"நீ நட்டை முடுக்கு. யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க."

அந்த அக்டோபரில், கடலோர மலையில் ஓர் இறக்கத்தில், எங்கள் கார் சாலையை விட்டுப் பள்ளத்தில் பாய்ந்தது. ஓட்டுநருக்குத் தோள்பட்டை முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்த டூலியோ அங்கேயே செத்துப்போனான். இருபத்தாறு வயது. எங்கள் ஊர்ப் பையன். தையல்கார எர்சிலியாவின் ஒரே மகன்.

உடைந்த இரும்புக் கை ஒரு சாக்கில் என் கிடங்குக்கு வந்தது. மூன்றாவது துளையில்தான் உடைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிராக்கோ உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "எஜிடியோ, இதை உருக்காலையில போட்டுட்டு வந்துரு. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இல்ல?" என்றார். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் கோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அது சிவந்து, உருகி, இல்லாமல் போகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சக்கரத்தின் நட்டைச் சரியாக முடுக்காத மெக்கானிக் ஆக்திஸின் கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை வந்தது. புத்தகத்தில் இருக்கும் பொய் இதுதான். கம்பெனி பெரிய மனதுடன் வழக்குப் போடாமல் அவனை வேலையை விட்டு மட்டும் அனுப்புகிறது என்றும் சொன்னார்கள். செவெரினோ தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது அறுபது பேரும் அங்கே நின்றோம். துளை போட்டவன், கையை மாட்டியவன், அவன் எச்சரித்ததைக் காதால் கேட்டவன் எல்லோரும் அதில் அடக்கம். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒருவனும் தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

அந்த வாரமே டெல்ஃபினா என் வீட்டுக்கு வந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"எஜிடியோ, உடைஞ்ச கை உன் கிடங்குக்குத்தானே வந்துச்சு?"

"வரலை, டெல்ஃபினா."

"வரலையா, நீ பாக்கலையா?"

"ரெண்டும்தான்."

அவள் என் பெண்களைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சூப்பு ஆறுது, குடி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று நான் குடித்த சூப்பு எனக்கு உறைக்கவும் இல்லை, கரிக்கவும் இல்லை.

செவெரினோவுக்குக் கல் குவாரியில் லாரிகளை எடை போடும் வேலை கிடைத்தது. ஊரில் யார் என்ன சொன்னாலும் அவன் பொருட்படுத்தவில்லை. எர்சிலியா ஒருத்தியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் தெருவில் வருவதைப் பார்த்தால் அவள் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னல் கதவுகளைப் படாரென்று சாத்துவாள். மூன்று முறை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் நின்றான். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. ஒருநாள் டெல்ஃபினாவே போய், நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, உடைந்தது எஞ்சினியர் துளை போட்ட கை என்று சொல்லியிருக்கிறாள். "பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு எர்சிலியா உள்ளே போய்விட்டாள். அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை.

81 பிப்ரவரியில் செவெரினோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குவாரியிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். "எர்சிலியாவுக்குத் தெரியணும்," என்று மட்டும் சொன்னானாம். அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

டெல்ஃபினா விடுதி வேலையை விடவில்லை. புருஷனை நாசமாக்கின ஆளுக்கே பொங்கிப் போடுகிறாளே, இவளுக்குச் சூடு சொரணை இல்லையா என்று ஊர் காறித் துப்பியது. பிராக்கோ விருந்தாளிகளை அழைத்து வருவார், அவள் சமைப்பாள், பிராக்கோ விரலை நக்குவார். அவர் மறந்துவிட்டார். அவளும் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமைகளில் விடுதியின் பின்கட்டில் எங்களுக்கும் சாப்பாடு உண்டு. என் தட்டில் அவள் ஒரு கரண்டி குறைத்துப் போட்டதில்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையன் இருந்திருக்க முடியாது.

83-இல் பிராக்கோ தன் கனவுக் காரைக் கட்டினார். பெரிய பந்தயங்களில் அது ஓட வேண்டுமென்றால், அதே மாதிரி இருநூறு கார் கம்பெனி தயாரித்திருக்க வேண்டும் என்று விதி. பாரிஸிலிருந்து கார் பந்தயச் சம்மேளனத்தின் ஆட்கள் வந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களிடம் இருந்தது நூற்றுப் பன்னிரண்டு. மிச்சத்தைக் கட்ட நேரமும் இல்லை, மனசும் இல்லை. பிராக்கோ ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் தொழிற்சாலை முற்றத்தில் நூற்றுப் பன்னிரண்டு காரையும் காட்டுவது. பிறகு விருந்தாளிகளை மேட்டிலிருக்கும் விடுதிக்குச் சாப்பிட அழைத்துப் போவது. அவர்கள் சாப்பிடும்போது அதிலேயே எண்பத்தெட்டு காரை ஒர்கோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய கொட்டகைக்கு ஓட்டிச் செல்வது. சாயங்காலம் அங்கே அவற்றை இன்னொரு முறை எண்ண வைப்பது. கார்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

இருபத்திரண்டு பேர் ஓட்ட வேண்டும், ஆளுக்கு நாலு நடை, திரும்பி வர இரண்டு வேன். பிராக்கோ கையில் ஸ்டாப் வாட்ச்சுடன் எங்களை மூன்று நாள் பழக்கினார். பாலத்தின் அகலத்தை அளந்தார். பனிமூட்டம் வந்தால் என்ன செய்வது, டயர் பஞ்சரானால் யார் மாற்றுவது, எல்லாம் யோசித்தார். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும் என்று கணக்கு வந்தது. உடனே சமையலறைக்குப் போய், டெல்ஃபினாவை மரியாதையாக 'மதாமா' என்று கூப்பிட்டார்.

"மூணு மணி நேரம், மதாமா. ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

"எங்க பக்கம் கல்யாணச் சாப்பாடே அஞ்சு மணி நேரம் போகும், எஞ்சினியர். மூணு என்ன பெரிசு?"

"உங்களை நம்பித்தான் மொத்தக் கம்பெனியும் இருக்கு."

"தெரியும்."

எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் காபி வரும் வரை எவனும் மேசையை விட்டு எழமாட்டான். வயிறு வெடித்தாலும் எழமாட்டான். காபி வந்துவிட்டால் அப்புறம் உட்காரமாட்டான். பிராக்கோ பாலத்தை அளந்தார், பனியை அளந்தார், அந்தக் காபி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உப்பு சரியாக இருந்தால் சமையல்காரி சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் எங்கள் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. பாரிஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு வயதான பெல்ஜியத்துக்காரர், சாம்பல் கையுறை, வாயில் அணைந்த சுருட்டு. நிதானமாக ஒவ்வொரு வரிசையாக நடந்து நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணினார். சரியாகப் பன்னிரண்டேகால் மணிக்குப் பிராக்கோ அவர்களை மேட்டுக்கு அழைத்துப் போனார். அவர்கள் கார் வளைவில் மறைந்ததும் நாங்கள் பாய்ந்தோம்.

மேட்டு விடுதியில் நடந்ததை எனக்குச் சொன்னவள் பியெரினா. முப்பது வருடமாக அந்தச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தவள், கேட்டதைப் பத்துப் பேரிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. டெல்ஃபினா அன்று தன் வாழ்நாளிலேயே நல்ல சமையலைச் செய்திருந்தாளாம். மீன் சாந்து ஊற்றிய கன்றுக்கறி வந்தது. நெத்திலியும் மிளகாயும் வந்தது. பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கும் சட்டி வந்தது, அதைச் சுற்றி உட்கார்ந்து காய்களைத் தோய்த்துத் தின்றார்கள். பிறகு அன்யொலொத்தி என்கிற, கறி அடைத்த மாவுக் கொழுக்கட்டை. பெல்ஜியத்துக்காரர் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு, "பாரிஸ்ல எங்களுக்குப் போடுறதுக்குப் பேரு சாப்பாடே இல்ல," என்றாராம். பிராக்கோவின் முகம் பூரித்துப்போனது.

ஒன்றரை மணி. அடுத்தது வேகவைத்த ஏழு வகை இறைச்சி, அதற்கே ஒரு மணி நேரம் ஓடும். பிறகு பாலாடைக் கட்டி, சாக்லேட் புட்டிங், பழம். டெல்ஃபினா வாசலில் நின்று பிராக்கோவைச் சமையலறைக்கு வரும்படி கை காட்டினாள்.

"என்ன மதாமா, ஏதாவது தீஞ்சு போச்சா?"

"ஒண்ணும் தீயலை. உள்ள போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த மூணு பேர் முன்னாடி. எழுபத்தெட்டுல உடைஞ்சது நீங்க துளை போட்ட கை, செவெரினோ முடுக்கின நட்டு இல்லன்னு. சொல்லிட்டீங்கன்னா இறைச்சி வரும், புட்டிங் வரும், ராத்திரி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்."

பிராக்கோ முதலில் சிரித்தாராம். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"இன்னிக்கா இதைப் பேசுறீங்க? அடுத்த வாரம் என் ரூமுக்கு வாங்க, உக்காந்து பேசுவோம்."

"அஞ்சு வருஷமா உங்க ரூமுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். தட்டு எடுத்துக்கிட்டு."

"மதாமா, அவன் செத்துட்டான். செத்தவனுக்குப் பேரு எதுக்கு? இறைச்சியை அனுப்புங்க." அவள் தோளைத் தட்டிவிட்டு மேசைக்குப் போய்விட்டார். போதாக்குறைக்கு அந்தத் தட்டல் வேறு.

டெல்ஃபினா அடுப்பை அணைத்தாள். ஏழு வகை இறைச்சியும் பானைக்குள் இருந்தன. பாலாடைக் கட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காபிக் கெண்டியை எடுத்தாள். "அய்யோ, இப்பவா?" என்று பியெரினா கேட்டதற்கு, "சர்க்கரையை எடு," என்றாள். நாலு கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு உள்ளே போய், பெல்ஜியத்துக்காரர் முன்னால் முதலில் வைத்தாள்.

பிராக்கோவின் முகம் வெளிறியது. "மதாமா, இறைச்சி..."

"அவ்வளவுதாங்க எஞ்சினியர். இன்னிக்கு இவ்வளவுதான் சமைச்சேன்."

"கிராப்பா இருக்கே! நம்ம பழைய திராட்சைச் சாராயம்! வயித்துக்கு நல்லது, ஒரு வாய் குடிச்சுட்டு..."

"நேத்தே தீந்துபோச்சுங்க. நீங்கதான் குடிச்சீங்க."

பெல்ஜியத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டுகூட ஆகவில்லை. காபியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டுத் துணியை மடித்து வைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே மற்றதையும் எண்ணிவிடலாம் என்று எழுந்தார். பிராக்கோ எஞ்சின் கூடத்தைப் பார்க்கலாமா என்றார், பழைய கோப்பைகளைப் பார்க்கலாமா என்றார், மாதா கோவிலைக்கூடப் பார்க்கச் சொன்னார். வாசலில் டெல்ஃபினாதான் அந்த மூன்று பேருக்கும் கோட்டை எடுத்து மாட்டிவிட்டாள்.

கீழே முற்றத்தில் அப்போது ஐம்பத்தாறு கார்தான் நின்றது. காலையில் நிரம்பி வழிந்த இடத்தில் பாதி வெறும் எண்ணெய்க் கறையாகக் கிடந்தது. நான் மூன்றாவது நடையில் பாலத்தின் நடுவே இருந்தேன். எனக்கு முன்னால் நாலு சாம்பல் கார், பின்னால் ஏழு. விடுதிச் சாலை அக்கரையில்தான் இறங்கும்; எங்கள் வரிசையைப் பார்த்ததும் விருந்தாளிகளின் கறுப்புக் கார் எதிரே பாலத்தில் ஏறி நின்றது. ஒரு வண்டி மட்டும் போகிற பாலம், யாரும் ஒதுங்க முடியாது. பெல்ஜியத்துக்காரர் இறங்கி நடந்து வந்தார். முன்னால் இருந்த நாலு பேரும் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் ஜன்னலில் குனிந்தார். வாயில் பூண்டு வாசனை.

"எங்கே எடுத்துட்டுப் போறீங்க?"

"கழுவ."

"எல்லாத்தையுமா?"

"ரொம்பத் தூசிங்க."

அவர் திரும்பி என் பின்னால் நின்ற வரிசையை ஒவ்வொன்றாக எண்ணினார். பிராக்கோ பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய எஞ்சினியர், இருபத்தோரு வருடத்துத் துரை. அந்த நிமிடத்தில் எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. ஆனால் உள்ளுக்குள்ளே எங்கேயோ ஒரு மூலையில் குளிர்ந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

விஷயம் மூன்று நாளில் பேப்பரில் வந்தது. நாடே சிரித்தது. காருக்கு அனுமதி இல்லை. கம்பெனித் தலைவர்கள் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அணியையே கலைத்தார்கள். பிராக்கோவைத் தெற்கே தண்ணீர் பம்பு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலைக்குத் தூக்கி அடித்தார்கள், பந்தயக்காரர்கள் யாரும் அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் அறுபது பேருக்கும் கடிதம் வந்தது. டெல்ஃபினாவுக்கு அதற்கு முன்பே கணக்கு முடித்துவிட்டிருந்தார்கள்.

கடிதம் வந்த மறுநாள் காலை நானும் செலெஸ்தினோவும் இன்னும் மூன்று பேரும் அவள் வீட்டுக்குப் போனோம். கதவைத் தட்டவில்லை, குத்தினோம். அவள் ஏப்ரனோடு வந்து வாசலில் நின்றாள்.

"ஒரு ஆளு மேல இருக்கிற வன்மத்துக்கு அறுபது குடும்பத்தை நடுத்தெருவுல விட்டுட்டியே, நீ பொம்பளையா?" என்று நான்தான் முதலில் கத்தினேன். "என் பொண்ணுக்கு மே மாசம் கல்யாணம்! செலெஸ்தினோவுக்கு அம்பத்தேழு வயசு, எவன் வேலை குடுப்பான்? பிராக்கோவைப் பழி வாங்கணும்னா அந்தாளை வாங்க வேண்டியதுதானே, நாங்க என்னடீ பண்ணினோம்?"

"முடிச்சிட்டியா?"

"இல்ல!"

"சரி, கத்து. நிக்கிறேன்."

அவள் எங்கள் ஐந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பிராக்கோவுக்காகவா அந்தக் காபியைக் கொண்டுபோய் வெச்சேன்னு நினைக்கிறீங்க? பிராக்கோ எனக்கு ஒரு கொசுறு. அந்தாளு வாயால உண்மை வராதுன்னு எனக்குத் தெரியும், ஒரு தடவை கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது உங்க வாயி. அஞ்சு வருஷம் உங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டே பாத்தேன். ஒருத்தனாவது எர்சிலியா வீட்டுக் கதவைத் தட்டுவானான்னு. தட்டலை. ஏன்? வேலை போயிரும். எஜிடியோவுக்கு ரெண்டு பொண்ணு. செலெஸ்தினோவுக்கு வீட்டுக் கடன். எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு. உங்க வாயை அடைச்சு வெச்சிருந்தது அந்த வேலைதான். அதை எடுத்துட்டேன். இப்ப எதுக்குப் பயப்படுறீங்க?"

செலெஸ்தினோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கோட்டுப் பொத்தானைப் போடு, எஜிடியோ," என்றாள். "வெளியில குளிருது. அவ வீடு மூணு தெரு."

நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். மற்ற நாலு பேரும் இன்னும் பின்னால். எர்சிலியா யார் என்று தெரியாமல் கதவைத் திறந்தாள், பிறகு டெல்ஃபினாவைப் பார்த்து மூட வந்தாள். நான் கதவில் கையை வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். ஏழு துளை. செவெரினோ எச்சரித்தது. மூன்றாவது துளையில் உடைந்தது. சாக்கு. கோட்டுக்குள் வைத்து நான் எடுத்துப் போனது, அது உருகும்வரை நின்று பார்த்தது. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. எர்சிலியா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

முடித்ததும், "அவரு இங்கதான் நின்னாரு," என்றாள், என் காலடியில் இருந்த படியைக் காட்டி. "மூணு தடவை. நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி டெல்ஃபினாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இரண்டு பெண்களும் அழுதார்களா என்று எனக்குத் தெரியாது, என்னை உள்ளே கூப்பிடவில்லை.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் டெல்ஃபினா தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அறுபது பேரு. ஒரு நாளைக்கு ஒருத்தன், காலைல ஒம்போது மணிக்கு. இந்தப் படியில நின்னு, தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு அவங்கவங்க வாயால சொல்லணும். மொத்தமா வந்து நிக்க இது உங்க தொழிற்சாலை முத்தம் இல்ல. உனக்கு இன்னிக்கு முடிஞ்சுது. போய்ச் சொல்லு."

மற்ற நாலு பேரோடும் சதுக்கத்தில் இருந்த பாருக்குப் போனேன். வேலை போனவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் காலையிலேயே ஒயின் கிளாஸுடன் டெல்ஃபினாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதைச் சொன்னேன். பைத்தியக்காரி என்றான் ஒருவன். வரச் சொல்ல இவள் யார் என்றான் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக அடங்கியது. எல்லோரும் கிளாஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"மணி ஒம்போதா, ஒம்போதரையா?" என்று கேட்டான் செலெஸ்தினோ.